சத்து மாத்திரை யாருக்கு எட்டுகிறது

ஒரு மனிதருக்கு ஒரு நாளில் தேவைப்படும் வைட்டமின் பி12 சுமார் இரண்டு மைக்ரோகிராம்தான். ஒரு கிராம் பி12 இருந்தால் அதை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஒருவருக்குப் பங்கிட்டுக் கொடுக்கலாம். போலிக் அமிலம், வைட்டமின் ஏ, வைட்டமின் டி எல்லாம் இதே மாதிரி மிகச் சிறிய அளவில் வேண்டியவை. இரும்புச்சத்து மட்டும் மில்லிகிராம் கணக்கில் வரும். இவ்வளவு சிறிய அளவு என்பதால்தான் இவற்றை மாத்திரையாகவும் சொட்டு மருந்தாகவும் மலிவாகக் கொடுக்க முடிகிறது. அரசு மொத்தமாக வாங்கும்போது ஓர் இரும்புச்சத்து மாத்திரைக்கு ஒரு ரூபாய்கூட ஆவதில்லை. இருந்தும், 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் அது 57.4 விழுக்காடு. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் குழந்தைகளின் விழுக்காடு 50.7 ஆக இருந்தது. அதாவது குறையவில்லை, கூடியிருக்கிறது.

விளைச்சல் இல்லாததால் வந்த குறை என்று இதைச் சொல்ல முடியாது. திண்டுக்கல் மாவட்டம் அதற்கு நல்ல சாட்சி. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து தக்காளியும் முருங்கையும் வெண்டையும் அன்றாடம் கேரளத்துக்கு லாரி லாரியாகப் போகின்றன. தமிழக அரசு அறிவித்த முருங்கை ஏற்றுமதி மண்டலத்தில் திண்டுக்கல்லும் ஒரு மாவட்டம். முருங்கை இலைப் பொடி வெளிநாட்டில் சத்துப்பொடியாக விலைபோகிறது. இலை விளையும் ஊரிலேயே இரத்தம் குறைவாக இருப்பதைக் கண்டு, கொல்லையில் முருங்கையை வைத்துக்கொண்டு மக்கள் கீரை சாப்பிடுவதில்லை என்று குறைப்படுவது எளிது. அது பாதி உண்மைதான்.

மீதிப் பாதி வயிற்றுக்குள் நடப்பது. கீரையிலும் தானியத்திலும் பயறிலும் உள்ள இரும்பு, இறைச்சியில் உள்ள இரும்பைப் போல எளிதில் குடலைத் தாண்டுவதில்லை. தானியத்தின் பைட்டிக் அமிலமும், சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீயின் டானினும் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. உண்ட இரும்பில் பத்தில் ஒரு பங்கு உடலில் சேர்ந்தாலே பெரிது. கீரையில் உள்ள பீட்டா கரோட்டினும் அப்படியே: ஏறத்தாழ 12 மைக்ரோகிராம் கரோட்டினிலிருந்து ஒரு மைக்ரோகிராம் வைட்டமின் ஏ கிடைக்கும், அதுவும் கூடவே கொஞ்சம் எண்ணெய் இருந்தால். வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரி வீடுகளில் சோளமும் கம்பும் அடுப்பை விட்டு இறங்கி, ரேஷன் அரிசி ஏறி வெகுகாலம் ஆகிவிட்டது. அரிசியும் ரசமும் ஒரு பொரியலும் உள்ள தட்டில், மாதவிலக்கில் இழந்த இரும்பை ஈடுகட்டுவது கடினமான கணக்கு. மாதாமாதம் கறி எடுக்கவும், நாள்தோறும் முட்டை வாங்கவும் கூலி உயரும்வரை காத்திரு என்று ஒரு கர்ப்பிணியிடம் சொல்வதில் நியாயம் இல்லை. சாப்பாடு மாற ஒரு தலைமுறை ஆகலாம். பிரசவத்துக்கு ஒன்பது மாதம்தான் அவகாசம்.

இந்த அறிவியலில் சென்னை மாகாணத்துக்குப் பழைய பங்கு உண்டு. குன்னூரில் மருத்துவர் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய, தயமின் குறையால் வரும் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வு பின்னர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. இன்று ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வேர் அது. தீட்டிய பச்சரிசி உண்ட, ஆந்திரக் கடலோர வடசர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி இருந்ததும், புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிதாக இருந்ததும் அந்தக் காலத்து ஆய்வுகளில் தெளிவானது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தமிழ்நாட்டுச் சமையல், யாரும் கேட்காமலே ஒரு வைட்டமினைக் காப்பாற்றி வைத்திருந்தது.

போலிக் அமிலத்தின் கதையும் இந்தப் பக்கத்தைத் தொட்டுச் செல்கிறது. 1928இல் பம்பாய்க்கு வந்த பிரிட்டிஷ் மருத்துவர் லூசி வில்ஸ், அங்கே பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகளைத் தாக்கிய ஒரு வகை இரத்தசோகையை ஆராய்ந்தார். இடையில் குன்னூரிலும், சென்னைக் கோஷா மருத்துவமனையிலும் பணிசெய்தார். ஈஸ்ட்டிலிருந்து செய்யப்படும் மார்மைட் என்ற மலிவான பசை அந்தச் சோகையைக் குணப்படுத்துவதை 1931இல் அறிவித்தார். பெயர் தெரியாத அந்தப் பொருள்தான் பின்னாளில் போலிக் அமிலம் என்று அறியப்பட்டது. அதைச் செயற்கையாகத் தயாரித்த லெடர்லி ஆய்வுக்கூடத்தின் குழுவுக்குத் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகட சுப்பாராவ். ஆலைப் பெண்களின் நோயிலிருந்து பிறந்த மாத்திரை இன்று ஆலைப் பெண்களுக்கே சரியாக எட்டாமல் இருப்பதைப் பின்னால் பார்க்கலாம்.

சத்துக்கூட்டுப் பொருள் வீட்டுக்கு வீடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வலுவான சான்றுகளில் ஒன்று திண்டுக்கல்லின் பக்கத்திலேயே கிடைத்தது. 1970களில் மதுரை அரசு மருத்துவமனையின் கண் பிரிவில் டாக்டர் கோ. வெங்கடசாமி கண்ட காட்சி, வைட்டமின் ஏ இல்லாமல் கருவிழி உருகிப்போன குழந்தைகள். முதலில் மாலைக்கண். பிறகு வெண்விழியில் நுரை போன்ற சாம்பல்நிறத் திட்டு. அதற்கும் பிறகு, சில நாட்களில், கருவிழியே மென்மையாகிக் கிழியும். அம்மையோ பேதியோ வந்த குழந்தைக்கு இந்தக் கடைசிக் கட்டம் ஒரே வாரத்தில் வந்துவிடும். 1970இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பெரிய அளவு வைட்டமின் ஏ கொடுப்பது வழக்கமானது. திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தின் பகுதி. 1985 செப்டம்பரில்தான் தனி மாவட்டமானது. 1980இல் உலக வங்கி உதவியோடு மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முதலில் தொடங்கியபோது, எடை பார்ப்பதோடு வைட்டமின் ஏயும் குடற்புழு நீக்கமும் அதில் சேர்க்கப்பட்டன.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லக்ஷ்மி ரஹ்மத்துல்லாவும் குழுவினரும் திருச்சி மாவட்டக் கிராமங்களில் வேறொரு வழியைச் சோதித்தார்கள். பள்ளி செல்லும் வயதை எட்டாத 15,419 குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு ஓராண்டு முழுவதும் வாராவாரம் 8,333 அலகு வைட்டமின் ஏ கொடுக்கப்பட்டது. ஊர்த் தொண்டர்கள் வீட்டுக்கே போய்க் கொடுத்தார்கள். 8,333 அலகை ஏழு நாளுக்குப் பிரித்தால் ஒரு குழந்தையின் அன்றாடத் தேவைக்கு அருகில் வரும். நல்ல சாப்பாடு தந்திருக்கக் கூடிய அளவு அது. 1990இல் வெளியான முடிவில், வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளின் இறப்பு மற்றப் பிரிவின் இறப்பில் பாதிக்கும் குறைவு. கண்ணுக்கென்று கருதப்பட்ட மருந்து உயிரைக் காத்திருந்தது.

பிறகு வந்த எல்லா ஆய்வுகளும் இவ்வளவு பெரிய பலனைக் காட்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் சுமார் பத்து லட்சம் குழந்தைகளிடம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கொடுத்துப் பார்த்த ஆய்வு, 2013இல் வெளியானபோது, இறப்பில் நான்கு விழுக்காடு குறைவை மட்டுமே காட்டியது. குறை எங்கே ஆழமோ அங்கே பலன் பெரிது, குறை தீர்ந்த இடத்தில் பலன் கரைந்துவிடுகிறது என்பதே இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது கிடைக்கும் பொருத்தமான விளக்கம். 2016-18இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், இந்தியாவில் ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் 18 விழுக்காட்டினருக்கே வைட்டமின் ஏ குறை இருந்தது. அதே கணக்கெடுப்பில் வளரிளம் பருவத்தினரில் 31 விழுக்காட்டினருக்கு பி12 குறை, 37 விழுக்காட்டினருக்கு போலேட் குறை, 24 விழுக்காட்டினருக்கு வைட்டமின் டி குறை. பழைய குறை சுருங்கிய இடத்தில் வேறு குறைகள் தெரிகின்றன. அரசின் மருந்துப் பட்டியல் இன்னும் பழைய குறையைச் சுற்றியே நிற்கிறது.

இரும்புச்சத்து மாத்திரை எப்படிக் கைக்கு வருகிறது என்று பார்த்தால் இந்த இடைவெளி இன்னும் துலங்கும். 2018இல் தொடங்கிய இரத்தசோகையற்ற இந்தியா திட்டத்தில் மாத்திரைக்கு நிறம் உண்டு. கர்ப்பிணிக்குச் சிவப்பு, 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும், 180 நாள். பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாள். பள்ளியில் படிக்கும் வளரிளம் பிள்ளைகளுக்கு நீலம், வாரம் ஒன்று. ஐந்து முதல் ஒன்பது வயது வரை இளஞ்சிவப்பு, அதில் 45 மில்லிகிராம். கைக்குழந்தைக்கு வாரம் இருமுறை ஒரு மில்லிலிட்டர் சிரப்.

கிராம சுகாதாரச் செவிலியர் கொடுத்த சிவப்பு மாத்திரை அட்டை பெரும்பாலும் அலமாரியில் துணிக்கு அடியிலோ, சாமி படத்துக்குப் பின்னாலோ போய்ச் சேர்கிறது. மூன்று நான்கு மாத்திரை பிரிந்திருக்கும்; மீதி அப்படியே. குமட்டுகிறது, வயிற்றைப் பிடிக்கிறது, மலம் கறுப்பாகப் போகிறது. பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று மாமியார் ஒருவர் சொல்லிவிட்டால், கதை முடிந்தது. மலம் கறுப்பது உடலில் சேராமல் மிஞ்சிய இரும்பு வெளியே போவதால்தான், பிள்ளையின் நிறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று யாராவது இரண்டு நிமிடம் நின்று சொன்னால் பெரும்பாலும் அது தீர்ந்துவிடும். அந்த இரண்டு நிமிடம்தான் திட்டத்தில் விலை போடப்படாத பொருள். சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, எலுமிச்சைச் சாற்றோடு. டீ, காப்பியோடு கூடாது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடும் கூடாது. குமட்டல் தாங்காதவர் படுக்கும் முன் போட்டுக்கொள்ளலாம்.

நாள்தோறும் போட முடியாதவருக்கு இன்னொரு ஆறுதலும் அறிவியலில் இருக்கிறது. ஒரு மாத்திரை போட்டதும் ஈரல் ஹெப்சிடின் என்ற சுரப்பைக் கூட்டி, குடலில் இரும்பு நுழையும் வாசலை ஒரு நாள்வரை அடைத்துவைக்கிறது. சூரிச் ஆய்வாளர்கள் 2017இல் காட்டியபடி, இரும்பு குறைந்த பெண்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதல் இரும்பு சேர்கிறது. அவர்கள் சோதித்தது கர்ப்பிணிகள் அல்லாத பெண்களை. கர்ப்பிணிக்கு அன்றாட மாத்திரை என்பதே விதி. மற்றவர்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பது சோம்பல் ஆகாது.

மாத்திரை விடுபட்டுப்போகும் இடம் பள்ளிக்கும் பிரசவத்துக்கும் நடுவில். பள்ளியில் படிக்கும் பெண்ணுக்கு ஆசிரியர் கையில் நீல மாத்திரை. கர்ப்பிணிக்குச் செவிலியர் கையில் சிவப்பு மாத்திரை. பன்னிரண்டாம் வகுப்போடு நின்று வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைக்கு வேலைக்குப் போகும் இருபது வயதுப் பெண்ணுக்கு யார் கை? வழிகாட்டு நெறிகளில் 20 முதல் 49 வயதுப் பெண்களுக்கும் வாரம் ஒரு மாத்திரை எழுதப்பட்டிருக்கிறது; கொடுக்க ஒரு நிலையான வாசல் இல்லை. ஆலை விடுதியில் மூன்று ஷிப்டில் வேலை செய்பவர் காலையில் அங்கன்வாடிக்கு வந்து நிற்க முடியாது.

இந்த இடைவெளியின் விலை அதிகம், ஏனென்றால் போலிக் அமிலம் தேவைப்படும் நேரம் கர்ப்பம் தெரிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கருவின் தண்டுவடம் உருவாகி மூடிக்கொள்வது கருத்தரித்து 28 நாளுக்குள். நாள் தள்ளிப்போய், சோதித்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து மாத்திரை வாங்கும்போது அந்த வேலை முடிந்திருக்கும். தண்டுவடக் குறையுள்ள குழந்தையை முன்பு பெற்ற தாய்மாரிடம் நடத்தி 1991இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், கருத்தரிக்கும் முன்பே போலிக் அமிலம் எடுத்தவர்களுக்கு அந்தக் குறை மீண்டும் வருவது 72 விழுக்காடு குறைந்தது. வாரம் ஒரு மாத்திரை கொடுப்பதாக இருந்தால் அதில் 2,800 மைக்ரோகிராம் போலிக் அமிலம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் மாத்திரையில் இருப்பது 500. ஆகவே கைக்கு எட்டினாலும் அது இந்தக் காரியத்துக்குப் போதாது. கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்குச் சீர்வரிசையோடு மூன்று மாத போலிக் அமில மாத்திரையும் வைப்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டால் நல்லது.

ஆலைக்குள் வாசல் வைக்கச் சட்டமே இடம் கொடுத்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உணவகமும், 500 பேருக்கு மேல் உள்ள இடத்தில் செவிலியரோடு கூடிய முதலுதவி அறையும் வேண்டும் என்றது. அந்த அறையில் வாரம் ஒரு முறை மாத்திரையைக் கையில் கொடுத்து, அங்கேயே விழுங்கவைத்து, ஆண்டுக்கு இருமுறை இரத்தம் பார்ப்பது பெரிய செலவில்லை. 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலத்துக்கே மொத்தமாக மருந்து வாங்கிக் கிடங்குகளுக்கு அனுப்புகிறது. ஆலைகளின் பெயர் அந்த விநியோகப் பட்டியலில் சேர வேண்டும், அவ்வளவே. ஆண்களையும் விட்டுவிடக் கூடாது. ஐந்தாவது கணக்கெடுப்பில் இந்திய ஆண்களில் நால்வரில் ஒருவருக்கு இரத்தசோகை. தோல் ஷாப்பிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்பவருக்கென்று எந்த நிற மாத்திரையும் இல்லை.

ஆட்கள் இருக்கும் இடத்துக்கே சேவை போவதற்குத் திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூர் ஒன்றியத்தில் ஒரு முன்மாதிரி உண்டு. டாக்டர் சௌந்தரமும் கோ. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமம், கஸ்தூரிபா மருத்துவமனையை ஊருக்குள்ளேயே கட்டியது. 1959இல் ஆத்தூர் ஒன்றியத்தில் தொடங்கிய முன்னோடி சுகாதாரத் திட்டம் குடும்பக் கட்டுப்பாட்டுக்காகவே பேர் பெற்றது. அதன் முறை வேறெந்தப் பொருளுக்கும் பொருந்தும்: சேவை வீட்டுக்குப் போக வேண்டும், போகிறவர் ஊருக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

வெயிலுக்குக் குறைவில்லாத இந்தச் சமவெளியில் வைட்டமின் டி குறை என்றால் சிரிப்பு வரும். ஆனால் சின்னாளபட்டித் தறிக்காரர் பகலெல்லாம் கூரைக்கடியில், இரவு ஷிப்டு முடித்த ஆலைப் பெண் பகலெல்லாம் தூக்கத்தில். தோலில் வெயில் படவே நேரம் இல்லை. இங்கேதான் மலிவான தீர்வு ஆபத்தாகவும் மாறுகிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் 60,000 அலகுப் பொட்டலம் வாரம் ஒன்று, அதுவும் சில வாரங்களுக்கு. அதை நாள்தோறும் மாதக்கணக்கில் குடித்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் சிறுநீரகப் பழுதும் வரும். கொழுப்பில் கரையும் ஏயும் டியும் உடலில் தங்குபவை, கூடினால் கழியாது. கர்ப்பிணி நாளுக்கு 10,000 அலகுக்கு மேல் வைட்டமின் ஏ எடுப்பது கருவுக்குத் தீங்கு. அங்கன்வாடியில் கொடுக்கும் வைட்டமின் ஏ சிரப்போடு வரும் கரண்டி இரண்டு மில்லிலிட்டர், நடுவில் ஒரு மில்லிலிட்டருக்குக் கோடு. ஒன்பதாம் மாதத்தில் கோடு வரை, அதாவது ஒரு லட்சம் அலகு. அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒரு முறை முழுக் கரண்டி. 2001 நவம்பரில் அசாமில் நடந்த முகாமில் இந்தக் கரண்டிக்குப் பதில் ஐந்து மில்லிலிட்டர் கிண்ணம் வந்தது. குழந்தைகள் நோயுற்றார்கள், சிலர் இறந்ததாகச் செய்தி வந்தது. இறப்புக்கு வைட்டமின்தான் காரணமா என்ற சர்ச்சை நெடுநாள் நீடித்தது. பரவலாக்குவது என்றால் அளவுகருவியையும் சேர்த்துப் பரவலாக்குவது.

தாலசீமியா நோயாளிக்கு இரும்பு மாத்திரை கூடாது. அவர் உடலில் ஏற்கெனவே இரும்பு மிதமிஞ்சித் தேங்கியிருக்கும். ரேஷனில் செறிவூட்டிய அரிசி வரும்போது, அதில் கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பும், கூடவே போலிக் அமிலமும் பி12உம் உண்டு என்பதால், மாத்திரை கொடுக்கும் இடத்தில் இதையும் கணக்கில் வைக்க வேண்டும். மறுபுறம், மருந்துக்கடை டானிக் பாட்டிலுக்கும் பதினைந்து சத்து சேர்ந்த பளபளப்பான அட்டைக்கும் கூலிப் பணத்தைக் கொட்டுகிறவர்களுக்குப் பெரும்பாலும் அதில் வேண்டிய ஒன்று போதிய அளவில் இருப்பதில்லை. இலவசமாகக் கிடைக்கும் சிவப்பு மாத்திரையில் இருக்கிறது.

முதியவர்களின் குறை வேறு. செறிவூட்டாத உணவில் பி12 பெரும்பாலும் விலங்குப் பொருளிலிருந்தே கிடைப்பது. வயதாக ஆக வயிற்று அமிலம் குறைந்து, உணவிலிருந்து அதைப் பிரித்தெடுக்கும் திறனும் குறைகிறது. சர்க்கரை நோய்க்கான மெட்பார்மினை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12 மேலும் இறங்குகிறது. பிரிட்டிஷ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் அவர்களில் குறையின் அறிகுறி உள்ளவர்களுக்கு பி12 சோதனை செய்யச் சொல்லி அறிவுறுத்தியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், அதே மெட்பார்மினை மாதாமாதம் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கிறது. பி12 குறையால் வரும் கால் எரிச்சலும் மரத்துப்போதலும் சர்க்கரையின் வேலை என்றே எடுத்துக்கொள்ளப்பட்டு அப்படியே விடப்படுகின்றன. பி12ஐ வாய்வழியாகவே கொடுக்கலாம்: 1,000 மைக்ரோகிராம் விழுங்கினால், உறிஞ்சும் இயல்பு வழி முழுக்க அடைபட்டிருந்தாலும், ஏறத்தாழ ஒரு விழுக்காடு தானாகவே குடலைத் தாண்டிவிடும், அது அன்றாடத் தேவைக்குப் போதும். அளவு மீறினால் தீங்கு என்று பி12க்கு வரம்பு எதுவும் வகுக்கப்படவில்லை. அந்தத் திட்டத் தன்னார்வலரின் பையில் மெட்பார்மின் அட்டையோடு இதையும் வைக்கலாம், கால் மரத்திருக்கிறதா என்று ஒரு கேள்வியும் கேட்கலாம். நடை தடுமாறும் அளவுக்கு முற்றியவர்களுக்கு மாத்திரை போதாது. அவர்களை ஊசிக்காக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.